எசாயாஸ் குடாவின் குடும்ப விவரம்

மனித குலத்தின் தலையாய சாதனை எது என்று கேட்டால் நெருப்பு என்பார்கள், சக்கரம் என்பார்கள், படித்தவர்கள் கொஞ்சம் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுத்து என்பார்கள். மூன்றும் தவறு. ஏற்கனவே இருக்கிற ஒரு தண்ணீருக்கு, அதில் ஏற்கனவே மீன் பிடித்துக்கொண்டிருக்கிற ஆட்களைக் கரையில் வரிசையாக நிறுத்திவைத்துப் பெயர் சூட்டுவதுதான் தலையாய சாதனை. இதை மறுப்பவர்கள் உகாலிவிக் ஊரைப் பார்த்திராதவர்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. கிரீன்லாந்தின் மேற்குக் கரையோடு வடக்கே போய்க்கொண்டே இருந்து, 'இதற்கு மேலா மனுஷர் இருக்கப் போகிறார்கள்' என்று தோன்றும் இடத்தையும் தாண்டி, இன்னும் இரண்டு முனைகளைச் சுற்றினால்தான் அந்த ஊர்.

ஊருக்குப் பின்னால் ஒரு பாறை மேடு. மேட்டைத் தாண்டி இறங்கினால் குடா. ஊர்ப் படகுகள் எல்லாம் அங்கேதான் கட்டிக்கிடக்கும். ஊர்க்காரர்கள் அதற்கு நாகரிகம் சிறிதும் இல்லாமல் 'பின்பக்கம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். "பின்பக்கம் போயிட்டு வரேன்" என்று ஒருவர் சொன்னால் ஹாலிபட் மீனுக்குத் தூண்டில் போடப் போகிறார் என்று நாய்களுக்குக்கூடப் புரியும். இடையில் ஒரு திமிங்கில வேட்டைக் கப்பல் தலைவர் அந்தப் பக்கம் ஒதுங்கியபோது, தன் நாட்டுப் பிரபு ஒருவரின் அத்தை கிறிஸ்தியானே லுயீசேயின் பெயரை அதற்குச் சூட்டிவிட்டுப் போனார்; அது எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. அந்த அம்மாள் ஆயுளில் வாத்துக்குளத்தைத் தாண்டிப் போனவர் அல்ல. குடாவுக்கும் அவரைத் தெரியாது. இருவரும் ஒருவரை ஒருவர் தொந்தரவு செய்யாமல் நெடுங்காலம் வாழ்ந்தார்கள்.

இந்த அநாகரிக நிலையை ஒழிக்கவே தலைநகரில் ஓர் உபகுழு பிறந்தது. 'குடா, கடற்கழி மற்றும் இதர நீரிடங்கள் பெயர் முறைப்படுத்தல் உபகுழு'. பெயரைப் பார்த்தாலே வேலை செய்கிற குழு என்று தெரிந்துவிடும். இவ்வளவு நீளப் பெயரைத் தனக்கே வைத்துக்கொண்டவர்களிடம் ஊரான் குடா எம்மாத்திரம்?

உகாலிவிக் ஊர் மன்றத் தலைவர் யுவாக்காவுக்கு இந்தக் குழுவின் மேல் முதலில் மரியாதை எதுவும் இருக்கவில்லை. அவருக்கு வேண்டியது பெயர் அல்ல, விளக்கு. குடாவின் வாயில் ஒரு பாறை உண்டு. கடல் ஏறும்போது முழுகிவிடும், வற்றும்போது தலையை நீட்டும். பகலில் அது பரம சாது. ஆனால் அக்டோபர் போய்விட்டால் உகாலிவிக்கில் பகல் என்பது வானொலியில் கேள்விப்படும் சமாச்சாரம். கடல் உறைவதற்கு முன், இருட்டில், மீனோடு திரும்பும் படகுகளுக்கு அந்தப் பாறை காத்துக்கிடக்கும். அதன் தலையில் ஒரு விளக்கு வையுங்கள் என்று ஊர் மன்றம் ஆண்டு தவறாமல் எழுதியது. விளக்குத் துறையும் ஆண்டு தவறாமல் பதில் எழுதியது. பொறுப்பான துறை.

"இடத்தின் பெயரைக் குறிப்பிடவும்."

யுவாக்கா 'பின்பக்கம்' என்று குறிப்பிட்டார்.

"எதற்குப் பின்பக்கம்?"

"ஊருக்கு."

"அது திசை. இடம் அல்ல. திசைகளுக்கு விளக்கு அமைக்க விதி இல்லை."

இப்படி நாகரிகமாகக் கடிதப் போக்குவரத்து நடந்துகொண்டிருந்தபோது, ஓர் இருட்டில், யுவாக்காவின் அக்காள் புருஷன் எசாயாஸ் மீன் பிடித்துத் திரும்பினார். பாறை இருந்த இடத்திலேயே இருந்தது. படகையும் கண்டுபிடித்தார்கள், பிறகு அவரையும். ஊரே அழுதது. யுவாக்காவும் அழுதார், கொஞ்சம் கூடுதலாகவே. ஒரு கடல்நாயை முதலில் சுட்டது யார் என்ற தகராறில் எசாயாஸ் இரண்டு குளிர்காலமாக அவரோடு பேசவில்லை. அந்தப் பேச்சு அப்படியே நின்றுபோய்விட்டது.

அன்றிலிருந்து ஊரில் யாரும் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லவில்லை. அது அங்கே வழக்கம். இறந்தவரின் பெயர் ஒரு குழந்தையிடம் போய்ச் சேரும்வரை அதைத் தொடக்கூடாது. சேர்ந்துவிட்டால் ஆளே வந்த மாதிரி. ஆண் பெயர், பெண் பெயர் என்ற பேதமெல்லாம் கிடையாது. தொட்டிலில் கிடப்பது பொடிப் பெண்ணாக இருந்தாலும் அவள்தான் தாத்தா, பாட்டிக்கு அவள்தான் புருஷன், அவளுக்குத்தான் முதல் மீன். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைத்துவிட்டு அவனை அதட்ட முடியாமல் தவிக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எசாயாஸின் மகள் பார்மா அப்போது முழுகாமல் இருந்தாள். ஆக, வரப்போகிறவர் யார் என்பது ஊருக்கே தெரியும்.

இந்த நேரத்தில்தான் உபகுழுவின் துணைச் செயலர் யென்ஸ்-ஓவே தொலைபேசியில் வந்தார். தேன் ஒழுகும் குரல்.

"தலைவரே, உங்க குடாவுக்குப் பேர் இல்லாததுதானே பிரச்சினை? பேரை நாங்க குடுக்கிறோம். பேர் வந்துட்டா விளக்கு தானா வரும். அந்தத் தண்ணியோட நெருங்கின தொடர்புள்ள, காலமான ஒருத்தர் பேரா இருந்தா போதும். அப்படி யாராவது இருக்காங்களா?"

யுவாக்கா யோசித்தார். இருந்தார். அதைவிட நெருங்கின தொடர்பு ஒருவருக்கு ஒரு தண்ணீரோடு இருக்க முடியாது. மச்சானுக்கும் ஒரு கௌரவம், பாறைக்கும் ஒரு விளக்கு, ஊர் மன்றத் தலைவருக்கும் ஒரு புகைப்படம். பெயரைச் சொல்லத்தானே கூடாது, எழுதலாமே என்று தனக்குத் தானே ஒரு சட்ட நுணுக்கம் கண்டுபிடித்து, எழுதி அனுப்பினார். ஊரில் பிறந்து, ஊரில் வளர்ந்து, ஊர் வழக்கத்தைக் கரைத்துக் குடித்த ஒருவர் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது. வெளியூர்க்காரன் என்றால் கேட்டுவிட்டாவது செய்திருப்பான்.

ஜூன் மாதத்தில், பனி விலகியதும், யென்ஸ்-ஓவே கப்பலில் வந்து இறங்கினார். கையில் நீல எனாமல் பலகை. ஊரே வெள்ளை அங்கியும் கடல்நாய்த்தோல் காலணியுமாகக் கோயிலுக்குப் போகிற கோலத்தில் குடாக்கரையில் கூடியது. வயிறு தள்ளிக்கொண்டு பார்மா ஒரு மீன்பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் அம்மா பிபியானே.

"பெரியோர்களே, தாய்மார்களே," என்றார் யென்ஸ்-ஓவே, "இன்று முதல் இந்தக் குடா அனாதை இல்லை."

பிறகு ஒரு காப்பிக் கோப்பையில் குடாத் தண்ணீரை மொண்டு, பலகையின் தலையில் ஊற்றினார். பெயர் சூட்டு விழாவுக்கு 'உள்ளூர்த் தன்மை' வேண்டும் என்று தலைநகரில் ஒரு பயிலரங்கில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஊற்றிவிட்டு, ஒலிபெருக்கியில், குடாவைப் பார்த்து, மூன்று முறை கூப்பிட்டார்.

"எசாயாஸ். எசாயாஸ். எசாயாஸ்."

எதிர்ப் பாறை அதைத் திருப்பிச் சொன்னது. யாரும் கை தட்டவில்லை. உபதேசியார் தோபியாஸ் தொப்பியைக் கழற்றினார். "தண்ணி ஊத்தி, பேர் சொல்லி, மூணு தடவை கூப்பிட்டாச்சு," என்று பக்கத்திலிருந்தவர் காதில் முணுமுணுத்தார். "ஞானஸ்நானத்துல நான் செய்யிறதும் இதேதான்." பார்மா எழுந்து, யாரையும் பார்க்காமல், மேட்டில் ஏறி வீட்டுக்குப் போய்விட்டாள். ஊரார் உணர்ச்சிவசப்பட்டு வாயடைத்துப் போயினர் என்று யென்ஸ்-ஓவே குறித்துக்கொண்டார். அதில் பொய் ஒன்றும் இல்லை.

யுவாக்கா அக்கா வீட்டுக்குப் போனபோது பிபியானே காப்பி ஊற்றவில்லை. அந்த ஊரில் அதைவிடப் பெரிய வசவு கிடையாது.

"அக்கா, ஒரு பேர்தானே."

"பேர்தானா? என் மக வயித்துல இருக்கிறது யாருன்னு நெனச்சே?"

"பிள்ளைக்கும் அதே பேரை வெச்சுட்டாப் போச்சு. ரெண்டு மூணு பிள்ளைங்களுக்கு ஒரே ஆளு பேரை வைக்கிறது இல்லையா?"

"பிள்ளைங்களுக்கு வைப்பாங்கடா. பங்கு போட்டுக்கும். கடலுக்கு வெச்சுட்டு எவன் பங்கு கேக்கறது? அது எதையாவது திருப்பிக் குடுத்திருக்கா?" பிபியானே முந்தானை இல்லாத குறைக்கு அடுப்படித் துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உசிரோட இருந்தப்பவும் அந்த மனுஷன் வீடு தங்கினதில்ல. எப்பப் பார்த்தாலும் பின்பக்கம். செத்தாவது வீட்டோட வந்து இருப்பாருன்னு நெனச்சேன். நீ அங்கேயே பட்டா போட்டுக் குடுத்துட்டே."

யுவாக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. போட்டோ எப்போது வரும் என்று கேட்க வந்தவர், கேட்காமலே திரும்பினார்.

ஆனால் ஊர் என்பது எதையும் ஏற்றுக்கொள்ளும். வந்தவர் எப்படி வந்தால் என்ன, வந்தது எசாயாஸ். அவருக்கு உரிய முறைகளைச் செய்யாவிட்டால் ஊருக்குத்தான் இழுக்கு. எசாயாஸ் முற்பகலில் எழுந்ததே இல்லை. ஆகவே மதியம்வரை குடாவில் யாரும் மோட்டார் போடவில்லை. எசாயாஸுக்கு இடது காது கேட்காது. ஆகவே படகில் போகிறவர்கள் வலது கரையோரமாகத் திரும்பி வணக்கம் சொன்னார்கள். எசாயாஸுக்குக் காப்பியில் மூன்று சர்க்கரைக் கட்டி. ஆகவே முதல் கோப்பை தண்ணீருக்குள் போனது. இளவட்டங்கள் குடாக்கரையில் பீர் குடிப்பதை நிறுத்தினார்கள், பெரியவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். உறவு முறையும் மாறவில்லை. பார்மா குடாவை அப்பா என்றாள். உபதேசியார் பங்காளி என்றார். யுவாக்காவுக்குக் குடா மச்சான்.

மச்சான் இன்னும் பேசவில்லை. அதுதான் சிக்கல். பேசாத மச்சானின் வீட்டுக்குள் நினைத்தபோது நுழைய முடியுமா? ஒவ்வொரு தடவையும் யுவாக்கா அக்காவிடம் போய் நின்றார்.

"அக்கா, நாலு மீன் பிடிக்கணும். அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லேன்."

பிபியானே மேட்டில் ஏறி, வலது கரையைப் பார்த்துக் கத்துவாள். "ஏங்க, என் தம்பி வர்றான். புத்தி கெட்டவன்தான். எனக்காகப் பொறுத்துக்கங்க. இருட்டறதுக்குள்ள அனுப்பிடுங்க." கடைசி வாக்கியத்தில் மட்டும் அவள் குரல் உடையும். பிறகு தம்பியிடம் திரும்பி, "போ, ஒண்ணும் சொல்லல," என்பாள்.

இந்தச் செய்திகள் தலைநகரை எட்டியபோது யென்ஸ்-ஓவே மகிழ்ச்சியில் திளைத்தார். ஒரு பெயர்ப் பலகை இவ்வளவு 'மக்கள் பங்கேற்பை' உண்டாக்கியதாக வரலாறு இல்லை. அவர் இதைப் பற்றி ஓர் உரை தயாரித்து, வெளிநாட்டு மாநாடு ஒன்றில் வாசித்து, நல்ல சாப்பாடும் சாப்பிட்டார். அதே வாரம் விளக்குத் துறையின் பதிலும் ஊருக்கு வந்தது. இடத்துக்கு இப்போது பெயர் இருப்பதைத் துறை வரவேற்றது. இதுவரை வந்த விண்ணப்பங்கள் எல்லாம் பெயரில்லாத ஓர் இடத்துக்கானவை என்பதால் அவை தள்ளுபடி. எசாயாஸ் குடா என்ற புதிய இடம் புதிதாக விண்ணப்பித்து வரிசையின் கடைசியில் நிற்கலாம். யுவாக்கா அதைப் படித்தார். பிறகு புதிதாக விண்ணப்பித்தார்.

ஆகஸ்டில் பார்மாவுக்குக் குழந்தை பிறந்தது. பெண். பிறந்ததிலிருந்து அழுகை.

சாதாரண அழுகை இல்லை. பால் குடித்துவிட்டு அழுதது, குடிக்கும்போது நிறுத்தி அழுதது, தூக்கத்தில் அழுதது. உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று செவிலி பார்த்துவிட்டுச் சொன்னாள். செவிலி சொல்லாவிட்டாலும் ஊருக்குத் தெரியும். தன் பெயர் கிடைக்காத குழந்தை இப்படித்தான் அழும். பெயரைக் கேட்டுத்தான் அழும். உபதேசியார் தோபியாஸ் தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்து ஊரில் இறந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார். ஒவ்வொரு பெயருக்கும் குழந்தை கொஞ்சம் நிதானித்து, கேட்டு, நிராகரித்து, முன்னிலும் பலமாக அழுதது. வேதாகமத்திலிருந்து சில பெயர்களைச் சொன்னார். அவற்றுக்கு நிதானிக்கக்கூட இல்லை.

"மாமா," என்றாள் பார்மா. கண்ணுக்குக் கீழே கருவளையம். "எங்கப்பாவை எனக்குத் திருப்பிக் குடுங்க. நீங்க ஒண்ணும் வாங்கித்தர வேண்டாம், செய்ய வேண்டாம். எடுத்ததைத் திருப்பி வெச்சாப் போதும்."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் யுவாக்கா தாங்கியிருப்பார். சோர்ந்துபோய்ச் சொன்னாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். தாய்மாமன் என்றால் பெயர் வைக்கும்போது முன்னால் நிற்க வேண்டியவன். இவர் பெயரைத் தூக்கிக் கொடுத்துவிட்டு நிற்கிறார். பெரிய மனுஷனாகப் பார்த்ததற்கு நல்ல கூலி என்று தன்னையே திட்டிக்கொண்டு, தலைநகருக்குத் தொலைபேசி போட்டார்.

யென்ஸ்-ஓவே எப்படியும் வருவதாகத்தான் இருந்தார். மாநாட்டில் கிடைத்த பாராட்டின் பலனாக, எசாயாஸ் குடாவுக்கு இருட்டிலும் மின்னும் புதிய பலகை அனுமதிக்கப்பட்டிருந்தது. அக்டோபர் கடைசியில் கப்பல் குடாவுக்கு வெளியே நங்கூரம் போட, ஒரு படகில் பலகையோடு வந்து இறங்கினார். படகு அவரை விட்டுவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே கப்பலுக்குத் திரும்பிவிட்டது.

ஊர்க்கூடத்தில் கூட்டம். யென்ஸ்-ஓவே பலகையை மேசை மேல் நிறுத்தினார்.

"இதோட சிறப்பு என்னன்னா, இருட்டுல இது மேல விளக்கு அடிச்சா அப்படியே ஜொலிக்கும்."

"விளக்கு யாரு அடிப்பா?" என்றார் யுவாக்கா.

"அது வேற துறை."

பார்மாவின் மடியில் குழந்தை அழுதது. யென்ஸ்-ஓவே குரலை உயர்த்திப் பேச வேண்டியிருந்தது. யுவாக்கா விஷயத்துக்கு வந்தார். "சார், பேரைத் திருப்பிக் குடுத்துடுங்க. அது இந்தப் பிள்ளையோடது."

யென்ஸ்-ஓவே பரிவோடு குழந்தையைப் பார்த்தார். அவரும் அதே மண்ணில் பிறந்தவர்தான். ஆனால் தலைநகரில் அடுக்குமாடியில் வளர்ந்ததால் இதையெல்லாம் ஆய்வுக்கட்டுரைகளில்தான் படித்திருந்தார். "உங்க உணர்வை உபகுழு மதிக்குது. ஆனா பேர் இல்லாத நிலைங்கிறதை நாங்க ஒழிச்சுட்டோம். பேரை எடுத்தா, உடனே இன்னொரு பேர் வைக்கணும்."

"பின்பக்கம்னே வைங்க."

"காலமானவரா இருக்கணும். இந்தக் குடாவோட நெருங்கின தொடர்பு இருக்கணும். அப்படி வேற யாராவது?"

"இல்ல சார். படகு வெச்சிருக்கிற மத்தவங்க எல்லாம் உசிரோட இருக்கோம்."

"அதுதான் சிக்கல்," என்று யென்ஸ்-ஓவே உண்மையான வருத்தத்தோடு சொன்னார். பிறகு முகம் மலர்ந்தது. "இருந்தாலும் நம்பிக்கையை விடாதீங்க. இந்தக் குளிர்காலம் பொறுத்துப் பாருங்க. விளக்கு வரிசையில கடைசியில இருக்கு. விளக்கு வர்றதுக்குள்ள நிச்சயமா ஒரு பேர் வந்துடும்."

ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் இருக்கப் பிரயாசைப்பட்டார்கள். எல்லோருக்கும் படகு இருந்தது.

பிபியானே எழுந்து வந்தாள். அவள் கையில் காப்பிக் கோப்பை. அதை யென்ஸ்-ஓவே முன்னால் வைத்தாள். "குடிங்க தம்பி. உங்க முழுப் பேரு என்ன?"

"யென்ஸ்-ஓவே தோர்வால்த் பெர்தெல்சன். ஏன்மா?"

"பெரிய பேரு. பலகையில இடம் இருக்குமான்னு பார்த்தேன்." ஜன்னலைக் காட்டினாள். வெளியே ஒன்றும் தெரியவில்லை. "இருட்டிப்போச்சு. கப்பல் குடாவுக்கு வெளியே நிக்குது. என் தம்பி படகு தயாரா இருக்கு. நெருங்கின தொடர்பு வேணும்னீங்களே."

யென்ஸ்-ஓவே சிரித்தார். வேறு யாரும் சிரிக்காததால் நிறுத்தினார். "விளக்கு இல்லாம எப்படிம்மா அந்தப் பாறையைத் தாண்டறது?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியைத் தலைநகரிலிருந்து வந்த ஒருவர் வாயால் கேட்க உகாலிவிக் எத்தனையோ குளிர்காலம் காத்திருந்தது. ஊரே அந்தக் காட்சியை ஆசை தீரப் பார்த்தது. "அது வேற துறை, சார்," என்றார் யுவாக்கா.

அன்றைக்கு அவர் கப்பலுக்குப் போகவில்லை. பிபியானே வீட்டில்தான் ஒரு படுக்கை காலி, எசாயாஸுடையது. அதில் படுக்க வைத்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தை. விடிந்தபோது, அதாவது மற்ற ஊர்களில் விடிந்திருக்கும் என்று கடிகாரம் சொன்னபோது, யென்ஸ்-ஓவே கண்கள் சிவக்க, தலை கலைந்து, காப்பி மேசைக்கு வந்தார். வேறொரு மனிதராகி இருந்தார். அந்த அழுகையை ஓர் இரவு முழுக்கக் கேட்டால் கல்லும் விதியைத் தளர்த்தும்.

"ஒரு வழி இருக்கு," என்றார். "அவசர நேரத்துல, தற்காலிகமா, அதிகாரி தன் பேரையே வைக்கலாம். காலமானவரா இருக்கணும்னு கட்டாயம் இல்ல."

காப்பிக்கு வந்திருந்த யுவாக்காவும் உபதேசியாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிபியானே அடுப்பை விட்டுத் திரும்பினாள். அவளுக்கே கொஞ்சம் இரக்கம் வந்துவிட்டது.

"தம்பி, நல்லா யோசிச்சீங்களா? வீட்ல கேட்டுக்கலாமே. அம்மா, அப்பா யாராவது இருக்காங்களா?"

"ஒரு பேர்தானேம்மா," என்றார் யென்ஸ்-ஓவே.

யுவாக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தார். பக்கத்து அறையில் குழந்தை வீறிட்டது. வாயை மூடிக்கொண்டார். இது ஒன்றை மட்டும் அவர் பின்னாளில் நினைத்து வருந்தியதாகச் சொல்வார்கள். அதுவும் அதிகம் வருந்தியதாகத் தெரியவில்லை.

லாந்தர் வெளிச்சத்தில் எல்லோரும் கரைக்குப் போனார்கள். பழைய பலகையைக் கழற்றினார்கள். பிபியானே வலது கரைப் பக்கமாகத் திரும்பி, "வாங்க, வீட்டுக்குப் போகலாம். போதும் அங்கே இருந்தது," என்று கூப்பிட்டாள். பிறகு யென்ஸ்-ஓவே ஒரு மரப்பலகையில் தன் பெயரைத் தானே எழுதி, தானே தண்ணீர் ஊற்றி, தன்னைத் தானே மூன்று முறை கூப்பிட்டார். கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது அவருக்கு. எதிர்ப் பாறை தெளிவாகப் பதில் சொன்னது.

உபதேசியார் தொப்பியைக் கழற்றினார். ஊரே கழற்றியது. ஒவ்வொருவராக வந்து அவர் கையைப் பிடித்துவிட்டு விலகினார்கள். சில பெண்கள் அழுதார்கள். வயதில் சின்னவர், பாவம். பிபியானே வழிக்கு உலர்ந்த மீனும் திமிங்கிலத் தோலும் கட்டிக் கொடுத்து, அவர் கோட்டுப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுவிட்டாள். நண்பகலில் கொஞ்சம் சாம்பல் வெளிச்சம் வந்ததும் யுவாக்கா அவரைப் பத்திரமாகப் பாறையைச் சுற்றிக் கொண்டுபோய்க் கப்பலில் சேர்த்தார். 'மக்கள் கண்ணீர் மல்க விடை கொடுத்தனர்' என்று துணைச் செயலரின் அறிக்கை கூறுகிறது. அறிக்கைகளில் உண்மை இருக்காது என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அன்று பிற்பகல் உபதேசியார் பெண்குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். "எசாயாஸ்" என்றார். குழந்தை அழுகையின் நடுவில் நிறுத்தியது. தலையைத் திருப்பியது, வலது காது மேலே வரும்படி. "எசாயாஸ்" என்றார் மறுபடி. ஒரு பெருமூச்சு விட்டது. மூன்றாவது தடவை சொல்வதற்குள் தூங்கிப்போனது. பார்மாவும் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கினாள். பிபியானே தொட்டிலுக்குள் குனிந்து, "வந்தீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

யுவாக்கா தன் ஒரே வெள்ளை அங்கியைப் போட்டுக்கொண்டு வந்து, தொட்டிலில் கண் விழித்த மச்சானைத் தூக்கினார். "மச்சான், அந்தக் கடல்நாயை நீதான் முதல்ல சுட்டே," என்று ஊரறியச் சொன்னார். மச்சான் அவரை உற்றுப் பார்த்து, அங்கி முழுக்கப் பாலைக் கக்கினாள். மன்னிப்பு இன்னும் பரிசீலனையில் இருப்பதாக ஊர் முடிவு செய்தது.

கடல் உறைவதற்கு முன்பாக, ஒருநாள் சிலர் பிபியானே வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது யுவாக்காவின் தொலைபேசி அடித்தது. எடுத்து ஒலியைக் கூட்டினார்.

"தலைவரே, நான்தான் யென்ஸ்-ஓவே பேசறேன்."

உபதேசியார் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். தண்ணீர் ஊற்றி, பெயர் சொல்லி, குடாவில் சேர்த்து, ஊரே கை கொடுத்து அனுப்பிய ஆள். பிபியானேதான் தொலைபேசியை வாங்கி, ஒலியைக் குறைத்துக் காதில் வைத்துக்கொண்டாள்.

"தம்பி, நீ போய்ச் சேர்ந்துட்டே. இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். மனசுல எதையும் வெச்சுக்காத."

"என்னம்மா சொல்றீங்க? நான் ஆபீஸ்ல இருந்து பேசறேன்."

"சரிப்பா. அங்கதான் இருப்பே. காப்பி தினம் ஊத்தறோம், கிடைக்குதா?"

மறுமுனையில் கொஞ்சம் குழப்பம். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு அந்தத் தேன் குரல் சொன்னது: "அம்மா, விளக்கு விஷயமாத்தான் கூப்பிட்டேன். குடாவுக்குப் பேர் மாறினதால பழைய விண்ணப்பம் தள்ளுபடி ஆயிடுச்சு. புதுசா எழுதிப் போட்டா, வரிசையில கடைசியா சேர்த்துக்குவாங்க."

பிபியானே தொலைபேசியை அணைத்து, மேசையில் மெதுவாக வைத்தாள். தொட்டிலை ஓர் ஆட்டு ஆட்டிவிட்டாள். ஜன்னலுக்கு வெளியே இருட்டில் ஆண்கள் படகுகளுக்கு இறங்கிப் போகும் சத்தம் கேட்டது.

"என்னவாம் அக்கா?" என்றார் யுவாக்கா, தன் தொப்பியைத் தேடிக்கொண்டே. அவரும் இறங்க வேண்டும்.

"பாவம்டா," என்றாள் பிபியானே. "உசிரோட இருந்தப்ப சொன்னதையேதான் செத்தும் சொல்லிக்கிட்டிருக்கு. ஒரு வித்தியாசமும் தெரியல."